நாலு நழுவல்

“இன்னும் என் பேருதானா இருக்கு, தம்பி?”

“ஆமாங்க.”

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு. பின்னணியில் தட்டுகள் உரசும் சத்தம். “சரி” என்று வென்டல் கோஸ்கி ஃபோனை வைத்துவிட்டார்.

ஆர்லன் ஃபிஸ்கே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டலூத் பனிக்கரடிகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சாதனைப் புத்தகத்தை இருபத்தாறு வருஷமாக எழுதுபவர் அவர். ஒவ்வொரு ஜனவரியிலும், இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம், இதே கேள்வி, இதே மூச்சு. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் கொட்டும் மழையில் நடந்த ஓர் இறுதிப் போட்டியில் வென்டல் நாலு முறை பந்தை நழுவவிட்டார். அத்தனை முறை நழுவவிட்டவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்தப் புத்தகத்தோடு ஆர்லனுக்கு ஓய்வு. உடம்பும் மனசும் எப்போதோ ஓய்ந்துவிட்டன. போகிற போக்கில் அந்தக் கிழவரின் அவமானத்தையாவது துடைத்து ஒரு புண்ணியம் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சனியன் அங்கேதான் பிடித்தது.

பழைய படச்சுருளைப் போட்டுப் பார்த்தார். நாலில் இரண்டு பந்து வென்டலின் கையைத் தொடவே இல்லை. அவருக்குப் பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் ராய்ஸ் பெல்லமி முழங்காலுக்குக் கீழே எறிந்திருந்தார். விதிப்படி அது எறிந்தவர் தப்பு. ஆர்லன் இரண்டையும் ராய்ஸ் பெயருக்கு மாற்றி, மரியாதைக்கு அவருக்கும் ஒரு தகவல் அனுப்பினார்.

மதியத்துக்குள் ராய்ஸ் நேரிலேயே வந்துவிட்டார். பிழையே செய்யாத தன் இறுதிப் போட்டியைப் பற்றி நாற்பது வருஷமாகத் தேவாலய முகாம்களில் பேசிவருகிற மனிதர்.

“எனக்குப் பந்து ஒழுங்கா வந்தாத்தானேய்யா நான் ஒழுங்கா எறிவேன்? நடுவுல குனிஞ்சு பந்தைக் குடுத்தவன் ஹார்லன். அவன் பேர்ல எழுது.”

ஹார்லன் செத்து ஒன்பது வருஷம். செத்தவர் சண்டைக்கு வரமாட்டார் என்று நினைத்து ஆர்லன் இரண்டையும் அவர் பெயரில் எழுதினார். ராய்ஸ் விஷயத்தை ஊர் பூராவும் சொல்லிவைக்க, ஹார்லனின் மனைவி கூப்பிட்டார்.

“‘ஒரு பந்தையும் தப்பாக் குடுத்ததில்லை’ன்னு அவர் கல்லறையில வெட்டியிருக்கேன். கல்லை மாத்தணுங்கிறீங்களா? மண்ணு உறைஞ்சு கெடக்கு, மே மாசம் வரைக்கும் ஆகாது.”

அலுத்துப்போய், இரண்டு நழுவலையும் யாருடையதும் இல்லாமல் அணியின் பொதுக் கணக்கில் தள்ளி, புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டார். பொதுவுக்கு அழ யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலை அணியின் மேலாளர் லிண்ட் அம்மாள் வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“வென்டல் ரெண்டுக்கு வந்துட்டார். அப்ப இப்ப முதல் இடத்துல மூணோட நிக்கிறது யாருன்னு பார்த்தீங்களா, ஆர்லன்?”

ஆர்லன் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். அவர்கள் அணியின் இன்றைய பயிற்சியாளர். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் சாதித்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு அணியை அழைத்துப்போகிறவர். நிருபர்கள் ஏற்கெனவே அவரிடம் கேட்டுவிட்டார்களாம்.

“உங்க ஓய்வு விழாவுக்குக் கேக் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிடறேன்” என்று லிண்ட் அம்மாள் போய்விட்டார்.

ஆர்லனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் கேக் போனால் போகட்டும், ஒரு மனுஷன் இனிமேல் தலைநிமிர்ந்து நடப்பான். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவரே வென்டலைக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு பெண். பின்னால் அதே தட்டுச் சத்தம். வென்டலின் பெயர் சாதனைப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, இனிமேல் வருஷா வருஷம் கேட்டு நோக வேண்டாம் என்று சொன்னார்.

அந்தப் பெண் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“நான் இங்க சாப்பாடு பரிமாறுறவ சார். அவர் ஏணி மேல நிக்கிறார். ‘நாலு நழுவல் ஹோட்டல், இந்த வருஷமும் எவனும் முந்தலை’ன்னு பலகைக்குப் புதுச் சாயம் அடிச்சுட்டிருக்கார். உங்களைக் கேட்டு உறுதி பண்ணிட்டுத்தானே வருஷா வருஷம் அடிக்கிறார்?”