என்னாக்காவும் ஆறு வீட்டுக் கறியும்

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாமல் ஒரு சாயங்காலத்தைக்கூட உயிரோடு தாண்ட முடியாத மனுஷி உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் என்னாக்கா. காய்ச்சலில் நினைவு தப்பிப் படுத்திருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வந்து கையைப் பிடித்து நாடி பார்த்தார். என்னாக்கா கண்ணைத் திறந்தாள். "ஐயா, ஒங்க ஊட்டுல ராத்திரிக்கு என்னா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

எண்பதுகளின் நடுவில் கலும்பாங்கிலிருந்து கல்யாணமாகி, பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. எங்கள் லயத்தில் ஆறு வீடுகள், ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டிய மாதிரி. ஒரு அடுப்படிக்கும் அடுத்த அடுப்படிக்கும் நடுவில் பலகைச் சுவர். அதுவும் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏறி, அலுத்துப்போய் நின்றுவிடும். நாங்கள் நாலாவது வீடு. மூன்றாவதில் என்னாக்கா.

வந்த முதல் நாள் சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்ததுதான் தாமதம், கூரையிலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"இன்னிக்கி என்னா?"

நான் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தேன்.

"ஏய் புதுப்பொண்ணு, ஒன்னத்தான். ராத்திரிக்கு என்னா?"

"சாடின் மீனு டின் இருக்குக்கா."

"சாடினா? வந்த மொத நாளே புருசனுக்கு டின்னு ஒடைச்சா போடுவே? இரு லா!"

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை முளைத்தது. கையில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் ஆட்டிறைச்சிப் பெரட்டல். "அஞ்சாவது ஊட்டு அஞ்சலை செஞ்சது. அவளுக்கு நெறைய இருக்கு" என்றது குரல். அவளுக்கு நிறைய இருந்த விஷயம் அஞ்சலைக்கே மறுநாள்தான் தெரியும்.

அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. வாயைத் திறந்தால் முதலில் வருவது 'என்னா', அதனால் என்னாக்கா. தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஆபீஸ் கிராணி ஒருவர் லயத்து வாசலில் நின்று ஒரு தரம் படாத பாடு பட்டார்.

"மூணாவது ஊட்டு அம்மா பேரு என்ன?"

"என்னாக்கா."

"அதத்தாம்மா நானும் கேக்குறேன். பேரு என்ன?"

"என்னாக்காதாங்க!"

மனிதர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

லயத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அவள்தான். ஆறாவது வீட்டில் கறிவேப்பிலை இருக்கிறது, முதல் வீட்டுக்கு வேண்டும் என்றால் சேதி சுவர் சுவராகத் தாவி அவள் வழியாகத்தான் போகும். ஆனால் போன மாதிரியே போய்ச் சேராது. என்னாக்காவுக்குக் கத்திரிக்காய் ஆகாது. பார்த்தாலே உடம்பு அரிக்கும் என்பாள். அதனால் அவளைத் தாண்டிப் போகும் எந்தக் குழம்பிலும் கத்திரிக்காய் இருக்காது. இந்தப் பக்கத்து மூன்று வீடுகளும் கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய் போட்டோம். அந்தப் பக்கத்து முதல் வீட்டில் அதே பக்குவத்தை அவள் வாயால் கேட்டு முருங்கைக்காய் போட்டார்கள். குழாயடியில் இது அம்பலமானபோது என்னாக்கா அசரவில்லை. "நல்லது சொன்னா குத்தமா?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இப்படிப்பட்டவள் ஒரு கல்யாணத்தையே சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாவது வீட்டில் மாரி அண்ணனும் அவர் மகள் பரிமளாவும். தாய் இல்லாத பெண். ரவாங்கில் ஃபேக்டரி வேலை. தங்கமான பிள்ளை, ஆனால் அடுப்புக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. பாகான் நக்கோடா ஓமார் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, கூட அவர் அத்தை. மாப்பிள்ளை பரிமளாவைப் பார்த்தார், பரிமளா மாப்பிள்ளையைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அத்தைக்குத்தான் திருப்தி வரவில்லை. "பொண்ணு சமைக்குமா?" என்று மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்.

தேநீர் குடித்துக் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண் ரோட்டில் வேன் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. பதற்றத்தில் மாரி அண்ணன் வாயை விட்டார்: "மழ விடட்டும். இருந்து சாப்புட்டுத்தான் போவணும், எங்க பரிமளா கையால!"

பரிமளா அடுப்படிக்குள் ஓடி வந்து அழுதாள்.

"ஏண்டி அழுவுறே?" என்றது சுவர்.

"சமைக்கணுமாம்கா. எனக்குச் சுடுதண்ணி ஊத்தி பாக்கெட் மீ போடத்தான் தெரியும்."

"அழுவாதே. அடுப்ப மட்டும் பத்த வை. பொகை வரட்டும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

பிறகு என் பக்கத்துச் சுவரில் அதே பழைய கேள்வி வந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிசுகிசுப்பாக வந்தது. "இன்னிக்கி என்னா?"

என்னிடம் சோறும் கங்கோங் கீரைப் பெரட்டலும். அஞ்சலையிடம் இறால் சம்பால். முதல் வீட்டில் பொரித்த மீன். எல்லாம் சுவர் ஏற ஆரம்பித்தன. அப்போது பரிமளா அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, அந்த அத்தைக்குக் கத்திரிக்கா கொழம்புன்னா உசுராம்" என்றாள்.

என்னாக்கா என் பக்கத்துச் சுவரை விரலால் தட்டினாள். மெதுவாகச் சொன்னாள். "ஆறாவது ஊட்டுல இருக்கும். வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். பாம்புக் கூடையை வாங்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள். அப்படியே உப்புப் பார்த்தாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தேன். உப்புப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு தியாகம்.

அந்தச் சட்டி சுவருக்கு மேலே போன அதே நிமிஷம், பெண் எப்படிச் சமைக்கிறாள் என்று பார்க்க அத்தை இரண்டாவது வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். அடுப்பில் வெறும் புகை. சுவருக்கு மேலே ஒரு கை, கையில் குழம்புச் சட்டி.

"புடிடி, கை சுடுது! உப்புப் பாத்துட்டேன், சரியா இருக்கு!"

பரிமளா கல்லாகி நின்றாள். சட்டியை வாங்கியவர் அத்தைதான்.

"யாரு அது?" என்றார்.

"என்னாக்கா" என்றாள் பரிமளா, அழுகைக்கு நடுவில்.

"என்னாவா? யாருன்னு கேக்குறேன்!"

இனி ஒளிவதில் பிரயோசனமில்லை. என்னாக்கா எதன் மேலோ ஏறினாள். சுவருக்கு மேலே அவள் தலை உதித்தது.

"நாந்தாங்க. புள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. அம்மா இல்ல, சொல்லிக் குடுக்கவும் ஆளில்ல. இங்க நாங்க அஞ்சு ஊடு இருக்கோம், இது வரைக்கும் புள்ள பட்டினி கெடந்ததில்ல. அங்க நீங்க இருக்கீங்க. நீங்க சொல்லிக் குடுத்தா படிச்சிக்காதா? கோவிச்சிக்கிட்டுப் போவாதீங்க. நல்ல புள்ள."

அத்தை விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"சமையல நான் பாத்துக்கிறேன். பக்கத்து ஊட்டுல இப்பிடி ஒரு ஆள விட்டுட்டு இந்தப் புள்ள எப்பிடி எங்க ஊருல இருக்கப் போவுது? அதச் சொல்லுங்க."

கல்யாணப் பேச்சு அன்றைக்கே முடிவானது. மழை விட்டதும் லயத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து வேனைத் தள்ளிவிட்டார்கள். அப்புறம்தான் பார்த்தோம், எந்த வீட்டுச் சட்டியிலும் ஒரு பருக்கை இல்லை.

"எல்லாரும் இங்க வாங்க" என்றாள் என்னாக்கா. மூன்றாவது வீட்டு அடுப்படியில் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவசரமாகச் சோறு வடித்து ரசம் வைத்திருந்தாள். லயத்தில் யாரும் அதுவரை அவள் சமையலைச் சாப்பிட்டதில்லை. ஒரு வாய் வைத்ததும் ஏன் என்று புரிந்தது. சோறு குழைந்திருந்தது, ரசத்தில் புளி மட்டும்தான் இருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்தாள், நான் அஞ்சலையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் பரிமளா புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

கரண்டியும் கையுமாக என்னாக்கா எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேர்த்துப்போயிருந்தது.

"நல்லா இருக்கா?"

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்கக்கா" என்று தட்டை நீட்டினேன். எனக்குப் பின்னால் எல்லாத் தட்டுகளும் நீண்டன.