காற்றுக்குப் பாஸ் கொடுத்த அக்கா

வீட்டுக்குப் பூட்டுப் போட்டவர்கள் உண்டு, கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவர்களும் உண்டு. காற்றுக்குப் பூட்டுப் போட்டு, அதற்குள் வருகிறவர்களையெல்லாம் மறித்துப் பாஸ் கேட்டவர் இந்த உலகத்திலேயே எங்கள் பாஸ் அக்கா ஒருவர்தான். எந்தச் சபையிலும் இதைச் சொல்ல நான் தயார். மறுப்பவர்கள் அந்த நாட்களில் வவுனியாவில் இருந்திருக்க மாட்டார்கள்.

சமாதான காலம். சுனாமி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முல்லைத்தீவுக் கரையில் வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் வவுனியாக் கந்தோரில் நான் அறிக்கை எழுதுபவனாக இருந்தேன். மற்றவர்கள் வெயிலில் நின்று செய்த வேலையை மின்விசிறிக்குக் கீழே இருந்து பத்துப் பக்கத்துக்கு நீட்டுவதுதான் அந்த உத்தியோகம்.

வன்னிக்குள் ஒட்டுசுட்டானில் பிறந்த அக்காவுக்கு முன் மேசை. வருகிறவரை விசாரிப்பார், ரெலிபோன் எடுப்பார், கந்தோர்ப் பூட்டுகளின் திறப்புகள் அத்தனையையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். ஆள் வருமுன் அந்தத் திறப்புகளின் சத்தம் வரும். பணிப்பாளரே அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு நாள் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு ரெக்னீசியன் வந்தார். இரண்டு கொம்பு முளைத்த சின்னப் பெட்டி ஒன்றை அலுமாரிக்கு மேல் வைத்து, "இதுதான் றவுட்டர், இனிக் கம்பியில்லாமல் இன்டர்நெற் வரும்" என்று அறிவித்துவிட்டு அவசரமாகப் பஸ் ஏறினார். இன்டர்நெற் வந்தது. ஒரு கிழமையில் அது மாட்டுவண்டி வேகத்துக்கும் வந்துவிட்டது.

அக்கா கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். "பெட்டி திறந்து கிடக்கு, கண்டவனும் பாவிக்கிறான், பாஸ்வேட் போடுங்கோ" என்றார்கள். இரைச்சலில் பாதி போய், அக்காவின் காதில் விழுந்தது "பாஸ் போடுங்கோ" என்பது மட்டும்தான்.

வவுனியாவில் இருந்தவர்களுக்குப் பாஸ் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் வன்னிக்குள்ளிருந்து வந்த ஒருவர் வவுனியாவில் தங்குவதென்றால் கையில் ஒரு துண்டு வேண்டும். ஒரு நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று பல சாதி. அதற்கு வரிசை, விசாரணை, பிணையாள். சமாதானத்தோடு அது எடுபட்டுப் போயிருந்தது. ஆனால் அக்கா அந்த வரிசைகளில் வருடக்கணக்காகக் கால்கடுக்க நின்றவர். சட்டதிட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

"அது எனக்குத் தெரிஞ்ச வேலை," என்று ரெலிபோனை வைத்தார்.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியும் கையுமாக வாசித்தார். இடையில் சில வசனங்களை என்னிடம் கேட்டார். பட்டதாரி அல்லவா, நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதன்படி செய்ததில் ஒரு நாள் முழுவதும் கந்தோருக்கே இன்டர்நெற் இல்லாமற் போயிற்று. அதற்குப் பிறகு "தேத்தண்ணி வேணுமோ?" என்பதைத் தவிர அக்கா என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் பிறக்கும்போதே ஓர் இலக்கம் உண்டு என்பதைப் புத்தகத்தில் கண்டபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. "அடையாள அட்டை இலக்கம்!" என்றார். அந்த இலக்கங்களைப் பெட்டிக்குள் பதிந்தால், பதிந்தவர்களை மட்டும் அது உள்ளே விடும். யார் யார் உள்ளே நிற்கிறார்கள் என்று பெயரோடு காட்டுவதற்கு ஒரு பக்கமும் இருந்தது. அதை அக்கா காலை, மத்தியானம், பின்னேரம் என்று மருந்து குடிப்பதுபோலத் திறந்து பார்ப்பார். கடைசியில் எங்கள் இன்டர்நெற்றுக்குத் தொழிற்சாலை வைத்த பெயரை அழித்துவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் புதுப் பெயர் வைத்தார்: "ஆரது". வீதியில் யார் லப்டொப்பைத் திறந்தாலும் முதலில் அந்த அதட்டல்தான் வந்து நிற்கும்.

இலக்கங்களைப் பதிந்து முடித்துப் பெட்டியை அடைப்பதற்கு முன்னமே முதலில் பிடிபட்டவர் ஒரு வெள்ளைக்காரர்.

"எங்கடை கந்தோரிலை ஆர் ஹென்றிக்?" என்று அக்கா ஒரு நாள் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லையே அக்கா."

"இல்லையோ? உள்ளுக்கை நிக்கிறார்."

திறப்புச் சத்தம் மதிலடிக்குப் போனது. பக்கத்து விடுதி மாமரத்துக்குக் கீழே ஒருவர் மடியில் லப்டொப்போடு இருந்தார். அக்கா எட்டிப் பார்த்து, "யூ ஹென்றிக்?" என்றார். தன் பெயர் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று மனிதர் திகைத்துப்போனார்.

"பாஸ்?" என்றார் அக்கா.

ஹென்றிக் உள்ளே ஓடிப்போய்ப் பாஸ்போட்டோடு வந்தார். அக்கா அதைப் பக்கம் பக்கமாகப் பரிசோதித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது நாட்டுக்குள்ளை வாறதுக்கு. எங்கடை காத்துக்குள்ளை வாறதெண்டால் வேறை."

அவர் முறைப்படி வந்து கேட்டு, கிழமைப் பாஸ் பெற்றுப் போனார்.

உள்ளூர்க்காரனான நான் தப்பினேனா? நூலகத் தளமொன்றிலிருந்து பழைய தமிழ்ப் புத்தகங்களை வேலை நேரத்தில் மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் லப்டொப்பில் இன்டர்நெற் மூச்சை விட்டது.

"அக்கா, நான் இந்தக் கந்தோரிலை வேலை செய்யிற ஆள்!"

"அதைத்தான் தம்பி நானும் பாத்துக்கொண்டிருக்கிறன், எப்ப செய்வீர் எண்டு. உம்மடை லப்டொப் மத்தியானத்திலை கனக்க இழுக்குது. மாதப் பாஸ் வெட்டு. இனிக் கிழமைப் பாஸ்தான்."

இப்படி இருக்கையில் ஒரு செய்தி வந்தது. பெட்டிகளை எல்லாம் இனிக் கொழும்பே மேற்பார்க்குமாம். பிரதேசக் கந்தோர்களில் அதற்குத் தகுந்த ஆட்கள் இல்லையாம். ஓர் எஞ்சினியர் வந்து பார்த்து முடிவு சொல்வாராம்.

"ஐயா, என்னட்டை இருந்து எடுத்துப்போடுவினமோ?" என்று அக்கா பணிப்பாளரிடம் கேட்டார். அக்காவின் குரல் தணிந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வீடு, வளவு, மாடு, நெல் என்று பலதையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர். ஆசைப்பட்டுப் பொறுப்பெடுத்தது இந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

எஞ்சினியர் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர். வந்து உட்கார்ந்து லப்டொப்பைத் திறந்தார். "ஆரது" என்றது. சிரித்துக்கொண்டு, தொழிற்சாலைப் பாஸ்வேட்டை அடித்தார். நடக்கவில்லை. தனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் காட்டினார். மத்தியானச் சாப்பாடு வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

"மேடம், பாஸ்வேர்ட் என்னன்னு சொல்லுங்க."

"சொல்லுறேல்லைத் தம்பி. பாஸ்தான் தாறது. என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"ஹெட் ஒபிஸ்ல இருந்து இதத்தான் செக் பண்ண வந்திருக்கேன்."

"நல்லது. எத்தினை நாள் நிப்பியள்?"

"இன்னைக்கு மட்டுந்தான்."

"பிணை ஆர்?"

எஞ்சினியர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் கந்தோரில் ஒருவரும் வேலை செய்யவில்லை. பணிப்பாளர் முன்னுக்கு வந்து, "நான் நிக்கிறன்," என்றார். தன் காலத்தில் எத்தனையோ பேருக்குப் பிணை நின்ற மனிதர். கொழும்பு ஆளுக்கு நின்றது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் பாஸ் கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணிவரைதான் செல்லும்.

எஞ்சினியர் எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, படங்களோடு பெரிய அறிக்கையாக எழுதி, கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார். பாதியில் நின்றது.

"மேடம், லைன் போயிடிச்சு!"

"போகேல்லை. பாஸ் முடிஞ்சுது."

பணிப்பாளருக்கு வேர்த்தது. "பிள்ளை, அந்த அறிக்கை உம்மைப் பற்றினது. திறந்துவிடும்."

"ஆளைப் பாத்துத் திறந்தால் அதென்ன ஐயா பாஸ்?"

எஞ்சினியர் எழுந்து வந்து முன் மேசையடியில் நின்றார். ஒரு கை மேசையை நோக்கிப் போய், தொடலாமா என்று யோசித்துத் திரும்பி வந்தது. "நீடிக்க என்ன செய்யணும்?" என்றார். அந்த நிற்கிற விதம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அப்படி நின்றிருக்கிறோம். கொழும்பு ஒரு நாள் எங்களிடம் அப்படி வந்து நிற்க வேண்டும் என்று கறுவிக்கொண்டு திரிந்தவன் நான். நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாரும் சிரிக்கவும் இல்லை.

அக்கா எழுந்து, தான் இருந்த கதிரையைத் தூக்கி மேசைக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

"முதல்லை இருங்கோ தம்பி. நீங்கள் வந்து கேட்டனீங்கள், அது போதும். எவ்வளவு நேரம் வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அறிக்கை போய் முடியும்வரை அக்கா நின்றுகொண்டிருந்தார். எஞ்சினியருக்கு இரண்டு தரம் தேத்தண்ணி வந்தது.

அடுத்த கிழமை முடிவு வந்தது. வவுனியாப் பெட்டியை வவுனியாவே பார்க்கும். மற்றக் கந்தோர்க்காரர் அங்கே போய்ப் பழகிக்கொண்டு வர வேண்டும். திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் பாஸ் எடுத்தார்கள். எல்லோருக்கும் பிணை நின்று நின்று பணிப்பாளர் களைத்துப்போனார். நான் அந்த வெற்றிக்கு என்ன செய்தேன் என்று கேட்டால், பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினேன்.

என் ஆயுளில் எத்தனையோ வாசல்களில் என்னை மறித்து, ஆர், எங்கே, என்னத்துக்கு என்று கேட்டிருக்கிறார்கள். மறித்துவிட்டு, தான் எழுந்து நின்று, வந்தவருக்குக் கதிரை கொடுத்த ஒருவரை நான் கண்டது அந்த ஒரு வாசலில்தான்.