ராகு காலத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால்

நிக்டி, பூனா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்திம்பேர் அவர்களுக்கு,

பத்ரிநாத் அநேக நமஸ்காரம். அக்காவுக்கும் சொல்லவும். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் பாமாவும் வைஷுவும் க்ஷேமம். க்ஷேமமில்லாதது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும்தான். இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன். குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டால் ஊரே பஞ்சாயத்துக்கு வந்துவிடும். தாளில் எழுதினால் வைஷு எட்டிப் பார்த்தாலும் அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே மனசு விட்டு எழுதுகிறேன்.

வைஷுவுக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன வரன் முகுந்த், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்றீர்கள். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க எதில் வந்தான் தெரியுமா? டர்ட் பைக். காட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டியாம்; சீட் என் மார்பு உயரத்துக்கு இருக்கிறது. லோஹேகாவிலிருந்து காரில் கிளம்பிய அவன் அப்பா அம்மா, வழியெல்லாம் வெள்ளம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். திரும்ப வேண்டியதுதானே இவனும்? சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் மரியாதை இல்லை என்று தனியாகக் கிளம்பியிருக்கிறான். எங்கள் காலனி வாசலில் மழைக்காலத்தில் தவறாமல் தொடையளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் வண்டிமேல் எழுந்து நின்றபடி, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், ஒரே சீராக வந்தான். நன்றாகத்தான் வந்தான், இல்லையென்று சொல்லவில்லை. எதிரே ஒரு பஸ் வந்து ஓர் அலையை எழுப்பியது. அலை சீட்டுக்கு மேலே போயிற்று, வண்டி இரண்டு தடவை விக்கிவிட்டு அடங்கியது.

தள்ளிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்தவன் நமஸ்காரம் சொன்ன கையோடு, "அங்கிள், ஸ்டார்ட்டரை மட்டும் தொட்டுடாதீங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கு," என்றான். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமாம். அதற்கு முன் பொத்தானை அழுத்தினால் உள்ளே இரும்பே வளைந்துவிடுமாம். வருங்கால மாமனாரிடம் முதல் நாள் பேசுகிற பேச்சா இது? மேலே பாமா கிண்டிய கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது. பாடச் சொன்னால் பாடுவதற்கென்று தயாராக இருந்த என் மகள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளக் ஸ்பானர் கேட்க மூன்றாவது மாடி வீட்டுக்கு அவனோடு போய்விட்டாள். வண்டிக்குக் காவல் நான்!

அப்போது மணி நாலு இருபத்தைந்து. நாலரைக்கு ராகு காலம். நீங்கள் போன் செய்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியது என் கடமை: "பத்ரி, மாப்பிள்ளையோட வண்டி ராகு காலத்துல வாசல்ல உயிரில்லாம நிக்கப்படாதுடா. எப்படியாவது கிளப்பிடு." சரியாக நாலு இருபத்தெட்டுக்கு வண்டிக்குள்ளிருந்து ணங் என்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் தானாக வந்தது. அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

மறுநாள் வண்டியை டெம்போவில் ஏற்றி பிம்ப்ரியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நான் மரியாதைக்காகக் கூடப் போனேன். எண்ணெயை இறக்கினால் நம்மாத்துக் காப்பி நிறத்தில் வந்தது. எஞ்சினைப் பிரித்ததும் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு, "கிஸ்னே தபாயா?" என்று கேட்டான். எந்த மகானுபாவன் அழுத்தினான் என்கிற தொனி. அத்திம்பேர், அப்போது முகுந்த் என்ன செய்தான் தெரியுமா? என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கண் இமைக்காமல், "மைனே," என்றான். நான்தான் என்றான்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். மெக்கானிக் கால் மணி நேரம் அவனைத் திட்டினான், அவனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். முதல் வாரத்திலேயே இப்படிக் கூசாமல் பொய் சொல்கிற பிள்ளைக்கு என் ஒரே மகளைக் கொடுப்பதாக இல்லை. அந்த வீட்டாரிடம் நாசூக்காகச் சொல்லி ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அக்காவை மாத்திரை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லவும். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மிகுந்த மன வருத்தத்துடன்,
பத்ரிநாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வைஷு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. "அப்பா, அன்னிக்கு மூணாவது மாடி பால்கனிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் பாத்துண்டிருந்தோம். நான் கத்தப் போனேன். லேட் ஆயிடுத்து, இனிமே கத்தினா அங்கிளுக்குக் கஷ்டமா இருக்கும்னு அவர்தான் தடுத்தார்," என்றாள். கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்தேன். அழுத்தியது நான்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அந்தக் கால் மணி நேரத் திட்டு முழுக்க எனக்கு வரவேண்டியது. ஜாதகத்தைத் திரும்ப வாங்க வேண்டாம். ஐப்பசியில் இங்கே மழை விட்டிருக்கும், நல்ல முகூர்த்தமாகப் பாருங்கள். ராகு காலமெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் எதையும் தொடுவதாக இல்லை.