வராதவர் 'வேண்டாம்' என்கிறார்

பெருமதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கும் அடியேன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கு நீங்களும் மகளும் மருமகனும் நலமாக இருக்க வேண்டும். இங்கும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழங்கால் விடவில்லை.

முழங்கால் வலிக்குக் காரணமே நீங்கள்தான். தையற்காரர் கடைப் பின்னறையில் நாம் இருவரும் தையற்காரரும் மருந்துக்கடைக்காரருமாக நால்வரும் ஆடும் அந்தப் பாழாய்ப்போன ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் வேறு யார்? காய் நகர்த்துவது பேருக்குத்தான். தன் முறை வந்தவர் விதியையே மாற்றலாம், ஆனால் எல்லோரும் 'சரி' சொல்ல வேண்டும். ஒருவர் எழுந்து போன நேரம் பார்த்து மற்றவர்கள் எதையாவது மாற்றிவிடக் கூடாதென்று, ஆட்டத்துக்கு வராதவர் 'வேண்டாம்' சொன்னதாகவே கணக்கு என்று ஒரு விதி போட்டீர்கள். நல்ல விதி என்று நானும் தலையாட்டினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அப்புறம் நீங்கள் வந்த கடைசி நாளில், தோற்றுக்கொண்டிருப்பவர் நின்றபடியே ஆட வேண்டும் என்று இன்னொன்று. அந்த நேரம் ஜெயித்துக்கொண்டிருந்த திமிரில் அதற்கும் 'சரி' என்றேன். அரை மணியில் நிலைமை மாறிவிட்டது. "நாளைக்கு வந்து எடுத்துடறேன் மாப்ளே, இன்னைக்கு மட்டும் நில்லுங்க" என்று சிரித்துக்கொண்டே போனீர்கள். மறுநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தீர்கள், மகள் வந்து காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், விதியை இனி யார் எடுப்பது? மாதக்கணக்காக எதைக் கொண்டுவந்தாலும் ஊரிலேயே இல்லாத நீங்கள் 'வேண்டாம்' என்கிறீர்கள். தோற்பதை என்னால் நிறுத்த முடியவில்லை, ஆகவே நிற்கிறேன்.

போன வாரம் வாக்குவாதம் முற்றிவிட்டது. தையற்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி மேசையில் போட்டார். "வராதவர்னா இன்னைக்கு வரலேன்னாலும் நாளைக்கு வர்றவர். அவர் வீட்டையே காலி பண்ணிட்டாங்க. கட்டில் லாரியில போனத நானே பார்த்தேன். கட்டில் போயாச்சுன்னா ஆளும் போயாச்சு. அவர் இனிமே ஆட்டக்காரரே இல்ல!"

மருந்துக்கடைக்காரர் விடுவாரா? "அவர் மூக்குக் கண்ணாடி இந்த ரூம் ஜன்னல்லதானே இருக்கு? கண்ணாடிய விட்டுட்டு யாராவது ஒரேயடியா போவாங்களா?"

"புதுசு வாங்கியிருப்பார்."

"வாங்கினாரா இல்லையான்னு தெரியாம ஒருத்தர ஆட்டத்த விட்டுத் தூக்கிடுவீங்களா?"

இஸ்திரிப் பெட்டி ஆறிப்போகும் வரை இப்படியே. கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்ததால் தலையைக் குனிந்து தப்பிக்கவும் முடியவில்லை. "உங்க மச்சான்தானே, நீங்களே எழுதிக் கேளுங்க" என்று தையற்காரர் தாளை நீட்டிவிட்டார்.

ஆகவே தயவுசெய்து, 'இனி வரமாட்டேன், ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். விதி மாறும், நான் உட்காருவேன், ஆட்டத்தில் சேரக் காத்திருக்கும் எலக்ட்ரீசியன் உங்கள் நாற்காலிக்கு வந்துவிடுவார். நீங்கள் இனி தனியாக எங்கும் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மகளும் போனில் சொன்னாள். பிறகு எதற்கு எல்லோரையும் இழுத்தடிப்பது? உங்கள் தங்கையும் போய்ச் சேர்ந்த பிறகு, 'நீங்க சொல்றது தப்பு' என்று சொல்லக்கூட என் வீட்டில் ஆள் கிடையாது. எனக்கு மிச்சம் இந்த ஆட்டம்தான். அதுவாவது ஒழுங்காக நடக்கட்டும்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். ஈரத் தரையில் பார்த்து நடங்கள்.

இப்படிக்கு,
நின்றபடி,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: தையற்காரர் இவ்வளவையும் படித்துப் பார்த்துவிட்டு, ஒருவருக்குச் சட்டை அளவெடுக்க முன்னறைக்குப் போயிருக்கிறார். அந்த ஒரு வரியை எழுதிவிடாதீர்கள் மச்சான். ஜன்னலில் இருப்பது உங்கள் கண்ணாடி இல்லை, என்னுடைய பழையது. கட்டில் போன அன்று நான்தான் கொண்டுவந்து வைத்தேன். இந்தக் கடிதத்துக்குப் பதிலே போடாதீர்கள். பதில் வராதவரை நீங்கள் நாளைக்கு வரப்போகிறவர்தான். நான் நின்றுகொள்கிறேன்.