கொதி பாய் ஆற்றிய தண்ணீர்

பினாங்குத் தீவில் மழைத்தண்ணீரைக்கூட நம்பாத ஒரே மனிதர் கொதி பாய்தான். அவர் குடை பிடிப்பதே, கொதிக்காத தண்ணீர் மேலே பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எங்கள் அடுக்குமாடியில் பேசிக்கொள்வார்கள்.

கீழ்த்தளத்து ஒட்டுக்கடையில் தே தாரிக், அதாவது உயரத் தூக்கி இழுத்து ஆற்றும் பால்தேநீர், போடுவது அவர் வேலை. எனக்குப் பக்கத்து வீடு. உண்மையான பெயர் எவருக்கும் தெரியாது. யார் தண்ணீர்ப் போத்தலோடு போனாலும் மறித்து, "கொதிச்சுதா?" என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவோம்.

ஒருநாள் எங்கள் வட்டாரத்துப் பெரிய குழாய் உடைந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை குடிக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் கொதிக்கவைத்த தண்ணீர்தான் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. பாய்க்கு வராது வந்த பெருநாள். முதல் காரியமாகக் கடையிலிருந்த ஐஸ் முழுவதையும் சாக்கடையில் கொட்டினார்.

வெயிலோ மண்டையைப் பிளந்தது. துறைமுகத்தில் லாரி ஓட்டும் மணியம் அண்ணன் வந்து உட்கார்ந்தார்.

"பாய், தே ஐஸ் ஒண்ணு."

"ஐஸ் இல்ல. சூடா குடி."

"ஐஸ்ல கிருமி செத்துரும் லா!"

"சாவாது லா. குளிருக்குப் போத்திக்கிட்டுத் தூங்கும். ஒன் வயித்துக்குள்ள போய் எந்திரிக்கும்."

மணியம் அண்ணன் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். இரண்டு நாள் ஆளையே காணோம். மூன்றாம் நாள் வெளுத்த முகத்தோடு வந்து, சூடாகவே கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அன்று மத்தியானம் வரைதான். மனைவி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். வீட்டில் நானும் ஆறு மாத மகளும். பசியில் வீறிட்டாள். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்துப் பால்மாவும் கலக்கிவிட்டேன். புட்டியைத் தொட முடியவில்லை. அவள் அழுகை ஏற ஏற என் புத்தி இறங்கியது. சூடு தணியட்டும் என்று குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் அதிலேயே விட்டேன். கொதிக்கவைத்ததே அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் என்பது மறந்தே போயிற்று.

அழுகை கேட்டுப் பாய் உள்ளே வந்தார். கண் குழாய்க்குப் போய்ப் புட்டிக்கு வந்தது.

"என்னா ஊத்துன?"

"கொஞ்சம் பச்சத்தண்ணி பாய்... ஆறட்டும்னு..."

புட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். "மணியத்துக்கு வயித்தால போனதோட சரி. இந்தப் பச்சப்புள்ள தாங்குமா?"

சோப்புப் போட்டுக் கை கழுவினார். புட்டியையும் இரண்டு குவளைகளையும் கொதிநீரில் போட்டெடுத்தார். கொதித்த தண்ணீரைத் தலைக்கு மேலிருந்து இடுப்புவரை இழுத்து இழுத்து ஆற்றத் தொடங்கினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. மகள் அழுகையை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தாள்.

"ஆத்தத் தெரிஞ்சவன் பக்கத்து வீட்ல இருக்கேன். பச்சத்தண்ணி எதுக்கு லா தம்பி? கூப்ட்டா வரமாட்டனா?"

அவள் பாலைக் குடித்து முடிக்கும்வரை பாய் போகவில்லை. மறுநாளிலிருந்து காலையில் எங்கள் வாசலில் ஆறிய தண்ணீரோடு ஒரு பிளாஸ்க் இருக்கும். குழாய்த் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அறிவித்த பிறகும் அது வந்தது.

"அறிவிப்பு முடிஞ்சிருச்சு பாய்."

"அது பெரியவங்களுக்கு," என்றார்.

இப்போது அவர் அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் தம் மகள் வீட்டில் இருக்கிறார். போன் எடுத்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "கொதிச்சுதா?" என்றுதான் கேட்கிறார்.

"கொதிச்சிருச்சு பாய். ஆத்தத்தான் ஆள் இல்ல."