அம்பது ஓவர் கொடுத்த மனு

கொல்லிமலையில் கரடியை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மரவள்ளி பிடுங்கப் போகிறவர்கள் உண்டு. அந்த மலையிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யாரென்றால் அம்பது ஓவர்தான். கரடிக்கு அவரும் பயப்பட மாட்டார். ஒருநாள் கிரிக்கெட்டை நிறுத்திவிடுவார்களோ என்கிற ஒரே பயம்தான் அவருக்கு.

அம்பது ஓவர் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; அவருக்குத் தேவனூர் நாட்டில் மிளகு விவசாயம். அறுபதை ஒட்டிய வயது. நான் கீழேயிருந்து மாற்றலாகிப் போன தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கிரிக்கெட்டுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. போன முதல் நாளே ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க சார், ஆர்டர் வந்துருச்சுங்களா?"

"என்ன ஆர்டர்?"

"ஒருநாள் மேட்சு இனி இல்லைன்னு. வரப்போற உலகக் கோப்பைதான் கடைசின்னு டீக்கடையில பேசிக்கறாங்க."

மலையில் பஸ் நின்றாலும் ரேஷன் நின்றாலும் எங்கள் ஆபீசுக்குத்தான் முதலில் தாள் வரும். இதுவும் அப்படித்தான் வரும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அப்படி எதுவும் வரவில்லை என்றேன்; அவர் நம்பவில்லை. "மறைக்காதீங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் தபால் பையைப் பிரிக்கும்போதெல்லாம் எதிரே வந்து நிற்பார். நீளக் கவர் ஏதாவது தென்பட்டால் போதும், அந்தக் குளிரிலும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டும்.

ஒரு திங்கட்கிழமை மனுவே கொண்டுவந்துவிட்டார். 'மற்ற ஊர்களில் நிறுத்தினாலும் தேவனூர் நாட்டுக்கு மட்டுமாவது ஒருநாள் கிரிக்கெட் தொடர்ந்து நடக்க ஆவன செய்யுமாறு...' குடிநீர், சாலை, பட்டா என்று பதிவேட்டில் எதிலும் அது அடங்கவில்லை. 'இதர' என்று எழுதி முத்திரை குத்தினேன். வாராவாரம் பதில் கேட்டு வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இருபது ஓவர் மேட்ச் இருக்கே, அதைப் பார்த்துத் தொலையுங்களேன்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அது பொழுது போயி நடக்குதுங்க. எங்கண்ணன் எட்டு மணிக்கே தூங்கீருவாருங்க. டிவி அவரு ஊட்டுலதான் இருக்குது. ஒருநாள் மேட்சுன்னா மத்தியானமே போயிருவனுங்க. பாதியில அண்ணி சோறு போடுமுங்க. வரப்புத் தகராறுக்கு அப்பறம் நாங்க பேசிக்கறதில்லைங்க. மேட்சுன்னா மட்டும் ஒண்ணா ஒக்காந்திருப்பமுங்க."

"சும்மாவே போங்களேன். அண்ணன் வீடுதானே?"

"எதுக்கு வந்தேன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

அதுவரை வாய்க்குள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு எனக்குப் போன இடம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச். என்னையும் அழைத்துப் போனார். அண்ணன் இந்தச் சுவரோரம், தம்பி அந்தச் சுவரோரம். விக்கெட் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அடடா" என்றார்கள். உடனே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் களியும் அவரைக் குழம்பும் வந்தது. அண்ணன் டிவியைப் பார்த்தபடியே குழம்புச் சட்டியைத் தம்பி பக்கம் தள்ளிவைத்தார்.

தம்பி கை கழுவ வெளியே போனதும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க சார், நீங்க ஆபீசுல இருக்கறவரு. இந்த ஒருநாள் மேட்ச நிறுத்தப் போறாங்களாமே, நெசங்களா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"அப்பறம் அவன் இங்க எதுக்குங்க வருவான்?"

நிறுத்த மாட்டார்கள் என்றேன். திரும்பி வரும்போது தம்பியிடமும் அதையே சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

இப்போது கீழே வந்தாயிற்று. உலகக் கோப்பை நெருங்குகிறது. எனக்கு இன்றுவரை கிரிக்கெட் பிடிக்காது. ஆனாலும் பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் பயந்து பயந்து திருப்புகிறேன். அந்த இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச காலம் சேர்ந்து சாப்பிடட்டும்.