நாலாம் மாடிக் குளிசை

“குளிசையைக் கையிலை வைச்சுக்கொண்டு எங்கை வெளிக்கிடுறியள்?” என்று கதவை மறித்தபடி கேட்டார் மனைவி கொறற்றி.

அல்பேர்ட் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஐம்பத்தொன்பது வயதாகியும் ஒழுங்காக ஒரு பொருளை ஒளிக்கத் தெரியாத மனிதர்.

“மேலை ஒருக்கால் போயிட்டு வாறன்.”

“மேலை ஆர் வீட்டை?”

“பேர்பெச்சுவா அக்கா வீட்டை. பாவம், அந்த மனிசிக்கும் முழங்கால் ஏலாது. நேற்றுக் கண்டனான், தபால் பெட்டியடிப் படியிலை தனியக் குந்தியிருந்தவ. ‘முழங்காலோ அக்கா’ எண்டு கேட்டன். ‘வயசு போனால் எல்லாந்தான் தம்பி’ எண்டா. தமிழ்ப் பூசையிலையும் இப்ப காணக் கிடைக்கிறேல்லை. எழுபத்தொன்பது வயசிலை நாலாம் மாடி. லிஃப்டும் இல்லை. அந்த வீட்டுக்குள்ளையே அடைஞ்சு போவா, கொறற்றி.”

“அதுக்கு? அது ஆராய்ச்சிக்குத் தந்த மருந்துக் குளிசையப்பா! போத்திலிலை ஒரு பேர்கூட இல்லை. கண்ட ஆக்களுக்கும் குடுக்கலாமே?”

“ஒரு கிழமையாய் எனக்கு ஒத்துக்கொள்ளுதுதானே. அவவுக்கும் அதே முழங்கால்தானே?”

கொறற்றி கையை எட்டிப் பிடிப்பதற்குள் அல்பேர்ட் நழுவிவிட்டார்.

அது 2006ஆம் ஆண்டு ஆனி மாதம். ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் பல்கனிக்குப் பல்கனி கொடி தொங்கியது. உலகக் கிண்ண உதைபந்தாட்டம். அல்பேர்ட் நாளுக்கு மூன்று ஆட்டமும் கதிரையிலிருந்தபடியே பார்த்தார். மீன் தொழிற்சாலை வேலையை முழங்கால் நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. குடும்ப வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றும், நடந்து திரிய வேண்டும் என்றும் சொன்னார். மருந்து எழுதாத வைத்தியரை அல்பேர்ட் நம்பவில்லை.

“தேஞ்ச டயரை ஓட்டினால் இன்னும் தேயும். இது தெரியாமல் டொக்டருக்குப் படிச்சிருக்கிறார்” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தவர்தான்.

பிறகுதான் அந்த ஆய்வு வந்தது. தேய்மானத்தை மெதுவாக்குமா என்று ஒரு புதிய குளிசையைப் பெரிய மருத்துவமனை ஒன்று பரிசோதித்துக்கொண்டிருந்தது. அல்பேர்ட் பன்னிரண்டு கிழமைக்கு அதில் சேர்ந்துகொண்டார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவில் செய்த குளிசை. யாருக்கு எது என்பது கொடுக்கிறவருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொரு இரவும் நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துவரை புள்ளி போட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. அல்பேர்ட்டுக்கு அந்த விதி அநியாயமாகப் பட்டது. கடவுள் முழங்காலைக் கொடுக்கும்போது வயது பார்த்தா கொடுத்தார்?

முதல் நாள் தன்னுடைய நிலத்தள வீட்டிலிருந்து நாலு மாடி ஏறுவதற்குள் அவருக்கு உயிர் போய்வந்தது. இரண்டாம் மாடியில் குந்தி இளைப்பாறினார். மூன்றாம் மாடியிலும் குந்தினார். கடைசிப் படிகளைக் கைபிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடந்தார். தன்னுடைய காலுக்காக என்றால் ஒரு படிகூட ஏறியிருக்கமாட்டார்.

பேர்பெச்சுவா கதவைத் திறந்தார். மன்னார் வங்காலைக்காரி. சின்ன உருவம், சிக்கனமான பேச்சு. வேர்த்துக் கொட்ட நின்றவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நீட்டிய குளிசையைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“முழங்காலுக்கு அக்கா. புது ஆராய்ச்சி. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“வழியிலை எத்தினை இடத்திலை குந்தி வந்தனீர்?”

“ரெண்டு இடத்திலை.”

“ம்” என்றார் பேர்பெச்சுவா. குளிசையை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிந்ததும், “நாளைக்கும் கொண்டு வாரும்” என்றார்.

அல்பேர்ட் நிறைந்த மனதோடு இறங்கினார். பின்நேரக் குளிசை அக்காவுக்கு, காலைக் குளிசை தனக்கு. ஒரு அப்பத்தைப் பிட்டு இரண்டு பேர் உண்பதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழிந்தது. ஒருநாள் பேர்பெச்சுவா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் தந்தபடி, “ஒண்டு காணாது போல கிடக்கு தம்பி. காலமையும் ஒண்டு இருந்தால் நல்லது” என்றார்.

அல்பேர்ட் அன்றிரவு மடு மாதா படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். எனக்குச் சாய்ந்திருக்க ஒரு கதிரை இருக்கிறது, அவவுக்கு இறங்கி ஏற நாலு மாடி இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து இரண்டு குளிசையும் மேலே போயின.

சிக்கல் கொப்பியில்தான் தொடங்கியது. முதல் கிழமை ஏழு என்று எழுதிய நோவு, குளிசையே போடாத நாலாம் கிழமை ஐந்துக்கு இறங்கிவிட்டது.

“கொறற்றி, மருந்து விழுங்காதவனுக்கு நோ குறையலாமோ?”

“எனக்கென்ன தெரியும்? ஐஞ்சு எண்டு எழுதினால், சுகம் வந்திட்டுது எண்டு குளிசையை நிப்பாட்டிப் போடுவினம்.”

குளிசை நின்றால் அக்கா மறுபடியும் வீட்டுக்குள்ளே அடைபட்டுவிடுவா. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எட்டு என்று எழுதினார். பிறகு பாவமன்னிப்புக்காக இன்னொரு தரமும் போட்டுக்கொண்டார்.

மருத்துவமனையில் அந்த ஆய்வைக் கவனித்த யூலியா என்ற இளம் வைத்தியர், கொப்பியைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

“ஏழிலிருந்து எட்டுக்கு ஏறிவிட்டதே, ஹெர் அல்பேர்ட்! கவலை வேண்டாம். கூடின அளவு கொடுக்க ஆய்வில் இடமிருக்கிறது. இன்றிலிருந்து நாளுக்கு மூன்று.”

அந்தச் செய்தியைச் சொல்ல அல்பேர்ட் மூச்சிரைக்க மேலே போனார்.

“மூண்டெண்டால் மூண்டு” என்றார் பேர்பெச்சுவா. “மத்தியானம் பன்னிரண்டரைக்கு வாரும். இண்டைக்கு எத்தினை இடத்திலை குந்தினனீர்?”

“ஒரு இடத்திலை அக்கா.”

“ம்.”

இப்படியாக ஆடி போனது, ஆவணி வந்தது. ஆவணித் தமிழ்ப் பூசைக்குப் பேர்பெச்சுவா அல்பேர்ட்டின் கையைக் கோத்தபடி நாலு மாடி இறங்கி, எஸ்-பான் ரயிலில் ஏறி, கோயிலுக்கு வந்தார். வாசலில் நின்ற சனம் வாயைப் பிளந்தது. பாடற்குழு டெனிஸ்டன் ஓடிவந்தார்.

“அல்பேர்ட் அண்ணை, என்ன மாயம் செய்தனீங்கள்? அக்கா குமர்ப்பிள்ளை மாதிரி நடக்கிறா!”

அல்பேர்ட்டின் நாக்கில் பெருமை ஏறி உட்கார்ந்துவிட்டது. “ஒரு குளிசைதான்...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். நிறுத்தியது பிந்திவிட்டது.

“எனக்கும் ரெண்டு தாங்கோவன் அண்ணை. எனக்கும் இடது முழங்கால் கிறீச்சிடுது.”

“இல்லைத் தம்பி, முடிஞ்சுது.”

“அக்காவுக்கு இருக்கு, எனக்கு முடிஞ்சுதோ? சரி, நீங்கள் போற ஆஸ்பத்திரிக்கு நானே போன் எடுத்துக் கேக்கிறன்.”

“ஐயோ, உமக்கேன் அந்தக் கரைச்சல்?” என்று அல்பேர்ட் பதறினார். அந்தப் பதற்றம் டெனிஸ்டனின் ஆசையைக் கூட்டியதுதான் மிச்சம்.

பன்னிரண்டாம் கிழமை, கடைசிப் பரிசோதனை. கொப்பியில் எட்டு எட்டாக எழுதி வைத்திருப்பவர் நேராக நடந்து போகலாமா? அல்பேர்ட் மருத்துவமனை வாசலிலிருந்தே நொண்டத் தொடங்கினார். நீண்ட நடைகூடம் முழுவதும் நொண்டினார். யூலியா அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பிறகு கோப்பைப் பார்த்தார்.

“ஹெர் அல்பேர்ட், நோவு வலது காலில் அல்லவா?”

அல்பேர்ட் அவசரமாகக் காலை மாற்றினார்.

அடுத்தது கதிரைப் பரிசோதனை. கையை ஊன்றாமல் முப்பது விநாடிக்குள் எத்தனை தரம் எழும்பி உட்காரலாம் என்று பார்ப்பார்கள். முதல் தடவை அவர் ஐந்து தரம் எழும்பியிருந்தார். இந்தத் தடவை மெதுவாகச் செய்ய வேண்டும் என்று உறுதியோடுதான் உட்கார்ந்தார். ஆனால் யூலியா, “பலே, இன்னும் ஒன்று! இன்னும் ஒன்று!” என்று உற்சாகப்படுத்த, அந்தப் பிள்ளையின் மனதை நோகடிக்க முடியாமல் எழும்பிக்கொண்டே இருந்தார். பதினாலு தரம்.

ஆய்வை நடத்திய பேராசிரியர் வந்து கொப்பியைப் பார்த்தார். பதினாலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

யூலியா தொண்டையைச் செருமினார். “இன்னொரு விஷயம். நேற்று டெனிஸ்டன் என்று ஒருவர் தொலைபேசியில் பேசினார். ஹெர் அல்பேர்ட்டின் நாலாம் மாடி அம்மா சாப்பிடுகிற அதே குளிசை தனக்கும் வேண்டுமாம்.”

அல்பேர்ட் பொய்யை இதற்கு மேல் தூக்கிச் சுமக்க முடியாதவராக எல்லாவற்றையும் சொன்னார். பின்நேரக் குளிசை, காலைக் குளிசை, மத்தியானக் குளிசை, எட்டு என்ற பொய், நொண்டல். பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

“அப்படியென்றால் நீங்கள் விழுங்கியது எத்தனை?” என்று கேட்டார் பேராசிரியர்.

“முதல் மூன்று கிழமையில் இருபத்தெட்டு. பிறகு ஒன்றுமில்லை.”

“பிறகு எப்படிப் பதினாலு தரம் எழும்பினீர்கள்?”

“தெரியாது, ஹெர் புரொபெசர். மன்னித்துக்கொள்ளுங்கள்.”

சுகம் வந்ததற்காக மன்னிப்புக் கேட்ட நோயாளியை பேராசிரியர் அதுவரை கண்டதில்லை. அவர் கோபிக்கவில்லை. ஆனால் அல்பேர்ட்டின் பெயர் ஆய்விலிருந்து நீக்கப்படும் என்றார்.

“என்னை நீக்குங்கள். அந்த அக்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிசை நின்றால் அவ திரும்பவும் முடங்கிப் போவா.”

யூலியாவின் முகம் இறுகியது. “ஹெர் அல்பேர்ட், எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி. பெயரில்லாத மருந்து. நாளுக்கு மூன்று. ஒரு தடவைகூட யாரும் அவருடைய இரத்தத்தைச் சோதிக்கவில்லை. அவருக்கு ஏதும் நடந்திருந்தால்? நான் இன்றைக்கே அவரைப் பார்க்க வேண்டும்.”

அப்போதுதான் அல்பேர்ட்டுக்கு உண்மையான பயம் வந்தது. நன்மை செய்கிறேன் என்ற சந்தோஷத்தில், அது நன்மைதானா என்று ஒருநாளும் நின்று பார்க்கவில்லையே! எஸ்-பானில் யூலியாவுக்குப் பக்கத்தில் இருந்து, சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செபமாலையை உருட்டினார். மாதாவே, எனக்கு முழங்கால் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அவவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

படியில் யூலியா மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். அல்பேர்ட் அதற்குள் நாலாம் மாடிக் கதவைத் தட்டிவிட்டார்.

பேர்பெச்சுவா கதவைத் திறந்தார். வந்த காரியத்தைக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். யூலியா இரத்த அழுத்தம் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது” என்றார் நம்ப முடியாமல். “மிச்சக் குளிசை இருந்தால் தரச் சொல்லுங்கள்.”

அல்பேர்ட் மொழிபெயர்த்தார். பேர்பெச்சுவா குசினிக்குள் போய் ஒரு பெரிய வெள்ளரிக்காய்ப் போத்திலோடு வந்தார். கழுத்துவரை குளிசை. யூலியா மேசையில் கொட்டி எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. அல்பேர்ட் கொண்டுவந்து கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

“அக்கா!” அல்பேர்ட் கதிரையில் பொத்தென்று இருந்தார். “நீங்கள் ஒண்டுமே போடேல்லையோ?”

“பேர் இல்லாத மருந்தை ஆரும் விழுங்குவினமே?”

“மாதாவே, உமக்குத் தோத்திரம்! அப்ப செபத்திலைதான் உங்கட முழங்கால் சுகப்பட்டிருக்கு!”

“என்ரை முழங்காலுக்கு என்ன?”

“அண்டைக்குத் தபால் பெட்டியடியிலை ஏலாமல் குந்தியிருந்தியளே?”

“சப்பாத்துக்குள்ளை கல்லு.”

“பூசைக்கும் வராமல் விட்டியளே?”

“நான் ஒவ்வொரு ஞாயிறும் காலமை ஏழு மணி ஜேர்மன் பூசைக்கு நடந்து போறனான். நீர் அந்த நேரம் எழும்பிறதில்லை.”

யூலியாவுக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் அல்பேர்ட்டின் முகத்தைப் பார்த்து, ஏதோ பெரிய விஷயம் நடக்கிறதென்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“அப்ப... ஒண்டு காணாது, காலமையும் வேணும், மத்தியானமும் வேணும் எண்டு ஏன் அக்கா கேட்டு வாங்கினியள்?”

பேர்பெச்சுவா தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் திரும்பினார்.

“நாள் முழுக்கக் கதிரையிலை குந்தியிருந்த உம்மை நாலு மாடி ஏத்திறதுக்கு, எனக்கு வேறை மருந்து தெரியேல்லை, தம்பி.”